கொழும்பும் அதன் சுற்றுப்புறங்களும்
(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பல்கலைக்கழக மாணவர் சிலராகிய நாம், படிப்பின் ஓர் அங்கமாக, ஒரு வாரம் கொழும்பிலே களவேலை செய்துவந்தோம். வேலை யாதெனில், வீடுகளிலும் கடைகளிலும் கழிக்கப்படும் குப்பையை வகைபிரித்து நிறுத்தலாகும். சிலர் புன்னகை செய்கின்றீர்கள். பட்டணம் பார்க்கப் போனவர்களுக்குக் குப்பைதானா கிடைத்தது என்று எண்ணுதல் இயல்பே. ஆயினும், ஒரு வீட்டின் சீரை அறிய விரும்புவோர் முன்விறாந்தையை மட்டும் பார்த்தாற் போதாது. பின்வளவையும் பார்த்தல் வேண்டும்.

முன்விறாந்தை அழகாகத்தான் இருக்கின்றது. காலையிலே கோட்டைப் புகையிரத நிலையத்தில் நின்றால், பாணந்துறை, மொறட்டுவைப் பக்கங்களிலிருந்து கடற்கரையோரமாக வரும் வண்டிகள் ஆயிரக்கணக்கானோரை இறக்கிவிடுகின்றன. 2022 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரம் வானளாவி நிற்கின்றது. கடலை நிரப்பி 269 ஹெக்டேயர் புதுநிலம் ஆக்கியிருக்கின்றார்கள். செட்டியார் தெருவிலே பொன் மின்னுகின்றது. கொச்சிக்கடையிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைத் தரிசித்தோம். அருகேயுள்ள அந்தோனியார் ஆலயம் 2019 ஏப்ரில் 21 இற் குண்டுவெடிப்பாற் சிதைந்து, திருத்தப்பெற்று, மீண்டும் எல்லா மதத்தாரும் வந்து மெழுகுதிரி ஏற்றும் இடமாக விளங்குகின்றது.

இனிப் பின்வளவுக்கு வருவோம். குப்பையிலே பாதிக்கு மேற்பட்டது சமையலறைக் கழிவு: மரக்கறித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை, மிஞ்சிய சோறு. தனியே பிரித்தால் அது பசளையாகும். பொலித்தீனோடும் உடைந்த போத்தலோடும் ஒரே பையிற் கட்டினால் ஒன்றுக்கும் உதவாது. காற்றுப் புகாமற் குவியும்போது அது அழுகித் தீப்பற்றும் வாயுவையும் கரிய கழிவுநீரையும் வெளிவிடுகின்றது.

அந்தக் குவியல் எங்கே போகின்றது? முன்னர் நகரின் வடபால் புளூமெண்டலிலே கொட்டினார்கள். அது நின்றதும், நகர எல்லைக்கு அப்பால், கொலன்னாவைப் பகுதியிலுள்ள மீதொட்டமுல்லைக்குக் கொண்டுபோனார்கள். அது சதுப்பு நிலம். சுற்றிலும் ஏழைகளின் சிறு வீடுகள். குப்பை மலையாயிற்று. அங்குள்ளோர் ஆண்டுக்கணக்காக முறையிட்டனர், மறியலும் செய்தனர். 2017 ஏப்ரில் 14 ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டு அன்று, மழையில் ஊறிய மலை சரிந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விருந்துண்டு மகிழும் நாளிலே, ஊரார் உண்டு கழித்தவற்றின் கீழ் அவர்கள் புதைந்தார்கள். அவ்விடத்தின் அருகே நின்றபோது எம்முள் எவரும் பேசவில்லை.

பின்னர் வழிகள் தேடப்பட்டன. கெரவலப்பிட்டியிலே குப்பையை எரித்து 10 மெகாவாற்று மின்சாரம் எடுக்கும் நிலையம் 2021 இல் இயங்கத் தொடங்கியது. புத்தளத்தின் அருவாக்காட்டிலே நிலநிரப்பு அமைத்தபோது அவ்வூர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: கொழும்பார் உண்டதற்கு நாங்கள் ஏன் பின்வளவாக வேண்டும்? குப்பையை அகற்றுதல் என்று நாம் சொல்வது, பெரும்பாலும், எதிர்க்க வலியற்ற ஒருவரின் வாசலுக்கு அதை மாற்றுதலேயாம்.

இதனை நாள்தோறும் கையாற் சுமப்பவர்கள் நகரசுத்தித் தொழிலாளர்கள். அதிகாலையில் எம்மோடு வந்தவர்களுட் பலர் தமிழர். ஓர் அம்மாவிடம், உங்களுக்கு நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டோம். சம்பளம், வீடு, சலுகை என்று ஏதேனும் சொல்வார் என எதிர்பார்த்தோம். அவர் தமது விரலிலிருந்த தழும்பைக் காட்டி, “கண்ணாடித் துண்டை ஒரு தாளிலே சுத்திப் போடச் சொல்லுங்க தம்பி, எங்க கை தப்பும்,” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

பெரியோர்களே, கொழும்பைக் குறைகூறிவிட்டு அமர்வது எமது நோக்கமன்று. நமது ஊரிலும் தேர்த் திருவிழா முடிந்த மறுநாள் வீதியைப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தல்களும் அன்னதானத் தட்டுகளும் பொலித்தீன் பைகளும் சிதறிக் கிடக்கும். அவற்றை அள்ளுகின்றவர் யார்? அதே அன்னதானப் பந்தியிலே அவருக்கு எந்த இடத்திலே இலை போடுகின்றோம்? விடை நம் எல்லோருக்கும் தெரியும். அப்பர் சுவாமிகள் கையில் உழவாரப்படை ஏந்தியவர். திருவுருவத்தில் அதனை வணங்கும் நாம், தெருவில் விளக்குமாறு ஏந்தியவரை விலகிப் போகச் சொல்லுதல் தகுமா?

ஆகவே இளைஞர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒவ்வொரு வீட்டிலும் சமையற் கழிவைப் பிரித்து வளவிலே குழிவெட்டிப் பசளையாக்குவோம். உடைந்த கண்ணாடியைத் தாளிற் சுற்றி, மேலே எழுதிவைப்போம். இவ்வாண்டுத் திருவிழா முடிந்ததும், வீதியைச் சங்கத்தவராகிய நாமே கூட்டிச் சுத்தஞ் செய்வோம். அன்று நகரசுத்தித் தொழிலாளர் நமது விருந்தினராக முதற் பந்தியில் அமரட்டும்.

பெரியோர்கள் இதற்கு இசைவும் ஆசியும் தந்தருள வேண்டும்.