எங்கள் ஊரில் படமெடுக்க என்ன இருக்கிறது?

(நூற்றாண்டு விழாவையொட்டி ஊடகக் கழக மாணவிகளுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊடகக் கழகப் பிள்ளைகள் என்னிடம் கேட்ட கேள்வியையே தலைப்பாக வைத்திருக்கிறேன். “மற்ற ஊர்களில கோட்டை இருக்கு, பெரிய கோபுரம் இருக்கு. புதுக்குடியிருப்பில நாங்கள் எதைப் படமெடுக்கிறது, மிஸ்?”

நான் படக்கலைஞர் அல்ல, மருத்துவர். ஆனாலும் பார்ப்பதுதான் எங்கள் தொழிலின் முதற்படி. நோயாளியை முதலில் பார், பிறகு தொடு, பிறகு தட்டு, கடைசியாகத்தான் ஸ்டெதஸ்கோப்பை வை என்று மருத்துவபீடத்தில் சொல்லித் தருவார்கள். நகத்தின் நிறம், மூச்சு வாங்கும் விதம், நடந்து வரும் நடை என்று கட்டிலடியில் நின்றே எவ்வளவோ அறியலாம். ஊரைப் படமெடுக்கவும் இதே ஒழுங்குதான். கமராவை எடுக்க முன் பாருங்கள்.

எங்கள் வீடுகளில் பழைய அல்பங்கள் மிகக் குறைவு. 2009இல் பலரால் உயிரை மட்டுமே கொண்டுபோக முடிந்தது. இன்று வெளிநாட்டு உறவினரிடம் தப்பியிருந்த படங்கள் வட்ஸ்அப்பில் திரும்பி வருகின்றன. அவற்றைப் பார்ப்பவர்களைக் கவனியுங்கள். முதலில் முகங்களைப் பார்ப்பார்கள். பிறகு விரல் படத்தின் ஓரத்துக்குப் போகும். சாமத்தியவீட்டுப் படத்தில் பின்னால் தெரியும் வேலியைப் பெரிதாக்கி, “இது எங்கட பழைய கிணத்தடி” என்பார்கள். அன்று எவரும் கிணற்றடியை எடுக்க நினைக்கவில்லை. அது தற்செயலாக விழுந்தபடியால் மிஞ்சியது.

போருக்குப் பிறகு கமராவுடன் பலர் இங்கே வந்தார்கள். இடிபாடுகளையும் கண்ணீரையும் எடுத்தார்கள். அவையும் தேவைதான். ஆனால் நாங்கள் எப்படிப் படலை கட்டினோம், எதில் தண்ணீர் அள்ளினோம், சைக்கிளில் எதையெல்லாம் ஏற்றினோம் என்பது அந்தப் படங்களில் அரிது. அவற்றை எடுக்க இங்கே வாழ்பவர்களே வேண்டும்.

பரிஸ் நகரில் யூஜின் அட்ஜே என்பவர் 1927இல் இறக்கும்வரை முப்பது வருடங்களுக்கு மேலாகக் கடைவாசல்கள், மாடிப்படிகள், கதவுப் பிடிகள், தெரு வியாபாரிகள் என்று எடுத்துக்கொண்டே இருந்தார். பழைய பரிஸைத் தேடுபவர்கள் இன்று அந்தப் படங்களிடம்தான் போகிறார்கள். ஜேர்மனியில் பேர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதியினர் 1959 முதல் தண்ணீர்த் தாங்கிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் மப்பான வானத்தின் கீழ் நேருக்கு நேர் நின்று எடுத்தார்கள். அவற்றை வரிசையாக அடுக்கியபோது, ஒன்றுபோல் தெரிந்தவை ஒவ்வொன்றும் வேறாக இருந்தன. எங்கள் பக்கத்திலும் உதாரணம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த வரைபடங்களைச் சேர்த்து 2011இல் நூலாக்கினார். படம் இல்லாதவர்கள் கையால் வரைந்தார்கள்.

இனி உங்களுக்குச் சில யோசனைகள்.

ஒன்று, கிணறுகள். மீளக் குடியேறியபோது வீடு இருக்கவில்லை. கிணற்றையும் மரத்தையும் வைத்துத்தான் பலர் தம் காணியை அடையாளம் கண்டார்கள். கட்டு, கப்பி, வாளி, இப்போது பூட்டியிருக்கும் மோட்டர் எல்லாவற்றையும் எடுங்கள்.

இரண்டு, படலைகள். தகரம், பனைமட்டை, இரும்புக் கம்பி என்று ஒவ்வொன்றும் அந்த வீட்டின் வசதியையும் கைவேலையையும் சொல்லும்.

மூன்று, தறப்பாளும் தகரமும். ஒருகாலம் எங்களுக்குக் கூரையாக இருந்தவை இன்று விறகை மூடுகின்றன, கோழிக்கூட்டை மறைக்கின்றன.

நான்கு, சைக்கிள் கரியர்கள். மீன்காரரின் றெஜிபோம் பெட்டி, விறகுக்கட்டு, பின்னால் இருக்கும் தங்கச்சி.

ஐந்து, சந்தியில் கையால் எழுதிய கடைப் பெயர்ப்பலகைகள். அச்சடித்த பதாகைகள் வரவர அவை குறைந்துகொண்டே போகின்றன.

இவற்றில் ஒன்றை மட்டும் தெரிவுசெய்யுங்கள். அதில் இருபது படம் எடுங்கள். கைத்தொலைபேசியே போதும். காலை ஏழு, எட்டு மணி வெயில் நல்லது, உச்சி வெயில் எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடும். ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் நின்று எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் திகதி, இடம், அதைச் செய்தவர் யார், எதனால் செய்தார் என்று எழுதுங்கள். அதைக் கேட்பதற்காகவே அயலவரோடு கதைப்பீர்கள். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். தொலைபேசி உடைந்தால் படமும் போய்விடும்.

ஒரு கட்டாய விதியும் உண்டு. நோயாளியின் அனுமதி இல்லாமல் நாங்கள் படம் எடுப்பதில்லை. நீங்களும் கேட்டுவிட்டு எடுங்கள். காணாமற்போன பிள்ளையைத் தேடும் அம்மாவையோ, காலை இழந்த அண்ணாவையோ அவர்களின் துயரத்துக்காக எடுக்க வேண்டாம். அவர் நட்ட கத்தரிக்கன்றைக் காட்ட விரும்பினால் அதை எடுங்கள். “வேண்டாம்” என்றால் சிரித்துவிட்டுத் திரும்புங்கள்.

சங்கத்து அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் எடுக்கும் படங்களைக் கடதாசியில் அச்சிட்டு, விபரம் எழுதி, பாடசாலை நூலகத்தில் ஓர் அலுமாரியில் வைப்போம். அச்சுச் செலவில் முதல் நூறு படங்களுக்கு நான் பொறுப்பு. மிச்சத்தை நீங்கள் பங்குபோட்டுக் கொள்ளுங்கள். முதல் தொகுதியை அடுத்த தவணை முடிவதற்குள் பார்க்க ஆசைப்படுகிறேன்.