தண்டனைக்கு அப்பால்: கனடியச் சட்டத்தில் மறுசீரமைப்பு நீதியும் தமிழ்க் குடும்பங்களும்

(பெற்றோருக்கும் இளையோருக்குமான சட்ட விழிப்புணர்வு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சட்டம் குறித்த கூட்டங்கள் வழமையாகப் பெற்றோருக்குத் தனியாகவும் பிள்ளைகளுக்குத் தனியாகவும் நடைபெறுவதுண்டு. இன்று எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கும் பொருளை அவ்வாறு பிரிக்க இயலாது. இரு தலைமுறையினரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் பேச மற்றவர் கேட்க வேண்டிய ஒரு நீதி முறையைப் பற்றியதே இவ்வுரை.

1974ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓர் இரவு. ஒன்ராறியோ மாகாணத்தில், கிச்சினர் நகருக்கு வடக்கே அமைந்துள்ள எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடிபோதையில் வீதியில் இறங்கினார்கள். கார்களின் ரயர்களைக் கத்தியால் கிழித்தார்கள், யன்னல்களை உடைத்தார்கள், கையில் அகப்பட்டதையெல்லாம் சேதப்படுத்தினார்கள். விடிந்தபோது 22 இடங்களில் சேதம் ஏற்பட்டிருந்தது. இருவரும் பிடிபட்டார்கள். குற்றத்தையும் ஒப்புக்கொண்டார்கள். வழமையான பாதையில் சென்றிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். எவரும் இன்று அதை நினைவுகூர மாட்டார்கள்.

அவ்வழக்கில் நன்னடத்தை அதிகாரியாக இருந்தவர் மார்க் யான்சி. மெனோனைற் கிறித்தவ சமூகத்தைச் சேர்ந்த அவர், இந்த இருவரும் பாதிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கே சென்று நேரில் சந்தித்தால் என்ன என்ற யோசனையை நீதிமன்றத்தின் முன் வைத்தார். நீதிபதி கோர்டன் மக்கொனல் முதலில் தயங்கினார். சட்டத்தில் அதற்கு நேரடியான இடம் இருக்கவில்லை. எனினும் பின்னர் மனம் மாறி, வழக்கை ஒரு மாதம் ஒத்திவைத்து, அந்தச் சந்திப்புகளை நடத்துமாறு பணித்தார்.

இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினார்கள். யான்சியும் அவருடைய நண்பர் ஒருவரும் சற்றுத் தள்ளி நின்றார்கள். பேச வேண்டியவர்கள் அந்த இளைஞர்களே. இதை எளிதான தண்டனை என்று எண்ணுவோர், தாம் சேதப்படுத்திய வீட்டின் வாசலில் நின்று "இதைச் செய்தது நான்தான்" என்று சொல்வதைக் கற்பனை செய்து பார்க்கலாம். நீதிமன்றத்தில் தலையைக் குனிந்து நின்றால் போதும், மிகுதியைச் சட்டத்தரணி பேசிவிடுவார். வாசலில் அப்படியல்ல. பொருட்சேதத்தில் காப்புறுதி ஈடுசெய்யாத பகுதியை இருவரும் பகிர்ந்து, ஆளுக்கு 550 டொலர் வீதம் செலுத்த வேண்டுமென நீதிமன்றம் பின்னர் கட்டளையிட்டது. சில மாதங்களில் அவர்கள் மீண்டும் அதே வாசல்களுக்குச் சென்று பணத்தைக் கொடுத்து முடித்தார்கள்.

அவ்விருவருள் ஒருவர், பல ஆண்டுகள் கழித்து, நடுத்தர வயதில் கல்லூரியில் சட்டம் சார்ந்த பாடநெறி ஒன்றைப் பயின்றார். வகுப்புக்கு வந்திருந்த விருந்தினர் "எல்மைரா வழக்கு" என்று உலகெங்கும் பேசப்படும் ஒரு வழக்கைப் பற்றி விளக்கத் தொடங்கியபோதுதான், தம்முடைய இளமைக் காலத் தவறே அது என்பதை அவர் உணர்ந்தார். பின்னர் அதே துறையில் தொண்டராக இணைந்து தம் கதையைத் தாமே வெளிப்படையாகக் கூறிவந்தார்.

மறுசீரமைப்பு நீதி என இன்று அழைக்கப்படும் முறை, நவீன நீதிமன்றத்துக்குள் நுழைந்த வாயில்களுள் ஒன்று அந்த வழக்கு. ஆனால் அதன் வேர் அதற்கும் பழையது. கனடாவின் முதற்குடி மக்கள் வட்டமாக அமர்ந்து பிணக்குகளைப் பேசித் தீர்த்த மரபும், நியூசிலாந்தின் மாவோரி மக்களின் குலக்கூட்ட மரபும் இதற்கு முன்னோடிகள். குற்றவியல் நீதிமன்றம் எந்தச் சட்டம் மீறப்பட்டது, மீறியவர் யார், அவருக்கு என்ன தண்டனை என்று வினவுகிறது. இம்முறையோ, யாருக்குத் தீங்கு நேர்ந்தது, அவருக்கு என்ன தேவை, அதை நிறைவேற்றும் கடமை யாருடையது என்று வினவுகிறது. இந்த மண்டபத்தில் கணினித் துறையினர் பலர் இருப்பதால் ஓர் ஒப்புமை கூறலாம். மென்பொருள் ஒன்று செயலிழந்தால், பிழையான வரியை எழுதியவரைக் கண்டுபிடித்துத் திட்டுவதால் மட்டும் மென்பொருள் மீண்டும் இயங்கிவிடாது. இழந்த தரவை மீட்க வேண்டும். அதே பிழை மீண்டும் நுழையாதபடி பார்க்க வேண்டும். அப்பணியில் எழுதியவரே முன்னின்றால் இன்னும் நல்லது.

நியூசிலாந்து இதைச் சட்டமாகவே ஆக்கியது. அங்கு மாவோரிப் பிள்ளைகள் அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டு அரச இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஜோன் ரங்கிஹாவு தலைமையிலான குழு இதைக் கடுமையாக விமரிசித்து அளித்த அறிக்கையின் பின்னணியில், 1989ஆம் ஆண்டுச் சட்டம் "குடும்பக் குழு மாநாடு" என்ற அமைப்பை உருவாக்கியது. பாரிய குற்றங்கள் நீங்கலாக, இளையோர் குற்றங்களில் நீதிமன்றம் முடிவெடுக்கும் முன்னர் பெற்றோர், பேரன் பேத்தி, மாமன், அத்தை எனக் குடும்பமே கூட வேண்டும். பாதிக்கப்பட்டவரும் விரும்பினால் வரலாம். இதில் மிக அழகான ஏற்பாடு ஒன்று உண்டு: செய்திகள் எல்லாம் பகிரப்பட்ட பின்னர், அதிகாரிகள் அறையை விட்டு வெளியேற, குடும்பம் மட்டும் தனித்திருந்து ஒரு திட்டத்தை வகுக்கிறது. "உங்கள் பிள்ளையை உங்களுக்கே நன்கு தெரியும்" என்று அரசு ஒப்புக்கொள்ளும் தருணம் அது. புலம்பெயர்ந்த நாட்டில் அரசு அலுவலகங்களின் முன் எப்போதும் விண்ணப்பதாரராகவே நின்று பழகிய தமிழ்ப் பெற்றோர், இந்த ஏற்பாட்டின் பொருளைச் சட்டென உணர்வர்.

கனடாவுக்கு மீள வருவோமாயின், 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள இளையோர் குற்றவியல் நீதிச் சட்டம் 12 முதல் 17 வயது வரையானோருக்கு உரியது. அதற்கு முன்னர் கனடா தன் இளையோரை மிகையாகச் சிறையில் அடைத்துவந்தது என்பதை அச்சட்டத்தின் முகவுரையே குறிப்பிடுகிறது. வன்முறையற்ற முதற் குற்றமாயின் நீதிமன்றத்துக்கு வெளியேயான நடவடிக்கையே போதுமானது என்ற அனுமானத்தோடு சட்டம் தொடங்குகிறது. எச்சரிக்கை, சமூக நிகழ்ச்சித்திட்டம் ஒன்றுக்கு அனுப்புதல், பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்புக் கோருதல், இழப்பீடு, சமூகப் பணி என்பன இவ்வகையின. இதன் 19ஆம் பிரிவு, நீதிபதியோ பொலிஸ் அதிகாரியோ இளையோர் பணியாளரோ ஒரு கலந்துரையாடல் மாநாட்டைக் கூட்ட இடமளிக்கிறது. அம்மாநாடு பரிந்துரை செய்யலாம். தண்டனை விதிக்க முடியாது.

இங்கே பெற்றோரும் பிள்ளைகளும் கூர்ந்து கவனிக்க வேண்டிய நுட்பங்கள் சில உள. நீதிமன்றத்துக்கு வெளியேயான முறைசார்ந்த தடைநடவடிக்கையை ஏற்க, இளையவர் தம் செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டும். முழுச் சம்மதம் அளிக்க வேண்டும். அதற்கு முன்னர் சட்டத்தரணியுடன் கலந்தாலோசிக்க வாய்ப்பளிக்கப்பட வேண்டும். குற்றத்தை மறுப்பவரை இவ்வழியில் தள்ள முடியாது. செய்யாத ஒன்றை "பரவாயில்லை, ஒப்புக்கொண்டு முடித்துவிடு" என்று பிள்ளைக்கு அறிவுரை கூறுவது தவறு. மறுபுறம், இந்நடைமுறையில் பொறுப்பேற்றுக் கூறியதைப் பின்னர் நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்றும் சட்டம் காப்பளிக்கிறது. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் அளிப்பது வேறு விடயம். அங்கு மௌனம் காக்கவும், சட்டத்தரணியுடனும் பெற்றோருடனும் கலந்தாலோசிக்கவும், அவர்களை உடன் வைத்துக்கொள்ளவும் இளையவருக்கு உரிமை உண்டு. அதை அவருக்கு விளங்கும் மொழியில் விளக்குவது பொலிசாரின் கடமை.

மொழி என்றதும் இன்னொன்று. அலுவலகக் கடிதங்கள் அனைத்தையும் பெற்றோருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்து வளரும் பிள்ளைகள் தம்முடைய வழக்கிலும் தாமே மொழிபெயர்ப்பாளராகிவிடுகிறார்கள். ஆசிரியர் சொன்னதில் பாதியும் பொலிசார் சொன்னதில் கால்பங்கும் வீட்டுக்கு வந்து சேரும்! மாநாட்டு மேசையில் இது பெருங்கேடு. தகப்பன் என்ன சொல்கிறார் என்பது பாதிக்கப்பட்டவருக்கும், பாதிக்கப்பட்டவர் என்ன சொல்கிறார் என்பது தாய்க்கும் அப்படியே போய்ச் சேர்ந்தாலன்றி அங்கு சீரமைக்க ஒன்றுமில்லை. நீதிமன்ற நடவடிக்கையில் மொழிபெயர்ப்பாளர் உதவி பெறுவது கனடிய உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு அளிக்கும் உரிமை. மாநாட்டிலும் அதைக் கேட்டுப் பெறுவதே முறை.

தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையின் தவறு வெளிவந்ததும் இரண்டு எதிர்வினைகளே பெரும்பாலும் காணப்படுகின்றன. ஒன்று, "எங்கள் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான்; கூட்டாளிகள்தான் கெடுத்தார்கள்" என்ற மறுப்பு. மற்றது, அடியும் வசையும், "நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது" என்ற புலம்பலும். இரண்டிலும் கடையின் கண்ணாடி உடைந்த வணிகர் எங்கும் இல்லை. தள்ளப்பட்டு விழுந்த சக மாணவன் எங்கும் இல்லை. குடும்ப மானம் மட்டுமே மேசையில் இருக்கிறது. பிள்ளையும் அதைக் கண்டு, தான் செய்த தவறு பிடிபட்டதுதான் என்று கற்றுக்கொள்கிறான். தாயோ தந்தையோ அருகில் அமர்ந்திருக்க, பாதிக்கப்பட்டவர் "அன்றிலிருந்து கடையைத் தனியாகத் திறக்கப் பயமாக இருக்கிறது" என்று சொல்வதைக் கேட்கும் பிள்ளை கற்றுக்கொள்வது வேறு.

இனிக் குடும்பச் சட்டம். கணவன் மனைவி பிரிவிலும் இதே சிந்தனை நுழைந்துள்ளது. 2019இல் திருத்தப்பட்டு 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த கனடிய விவாகரத்துச் சட்டம், பிள்ளையைப் "பொறுப்பில் வைத்திருத்தல்", "பார்வையிடல்" என்ற பழைய சொற்களைக் கைவிட்டது. அவற்றின் இடத்தில் பிள்ளையுடன் செலவிடும் நேரம், பிள்ளை குறித்து முடிவெடுக்கும் பொறுப்பு என்ற சொற்கள் வந்தன. வென்றவர், தோற்றவர் என்ற எண்ணத்தைப் பழைய சொற்களே விதைத்தன என்பதால் இது வெறும் சொல்மாற்றம் அன்று. பொருத்தமான அளவுக்கு, நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கப் பேச்சு போன்ற வழிகளில் பிணக்கைத் தீர்க்க முயல்வது தம்பதியரின் கடமை எனவும், அவ்வழிகளை எடுத்துக்கூறி ஊக்குவிப்பது சட்டத்தரணியின் கடமை எனவும் அது கூறுகிறது. பிள்ளையின் நலன் மட்டுமே அளவுகோல். வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதன் விருப்பமும் கருத்தில் எடுக்கப்படும்.

"பொருத்தமான அளவுக்கு" என்ற அச்சொற்களை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ஊரில் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்த்த மரபு தமிழரிடம் இருந்தது. அதைத்தான் வெள்ளையர் இன்று புதிய பெயரில் கொண்டுவருகிறார்கள் என்று பெருமைப்படுவோர் உளர். அந்தப் பெருமையில் பாதி உண்மை. மறுபாதி, அடிபட்டுத் தாய்வீடு வந்த பெண்ணை "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்" என்று திருப்பியனுப்பிய கூட்டங்களும் அதே மரபில் அடங்கும் என்பது. அங்கு தீங்கு இழைத்தவர் பொறுப்பேற்கவில்லை. பாதிக்கப்பட்டவரின் தேவையை எவரும் கேட்கவில்லை. மறுசீரமைப்பு நீதியின் எந்த வரைவிலக்கணத்தின் கீழும் அது வராது.

கனடியச் சட்டம் இந்த ஆபத்தை அறிந்தே வரம்பிட்டுள்ளது. நோவா ஸ்கோஷியா மாகாணம் தன் மறுசீரமைப்பு நீதித் திட்டத்தைத் தொடங்கிய சிறிது காலத்திலேயே, 2000ஆம் ஆண்டில், துணைவர் மீதான வன்முறையையும் பாலியல் குற்றங்களையும் அதிலிருந்து விலக்கி வைத்தது. பெண்கள் அமைப்புகள் எழுப்பிய கவலைகளே காரணம். 2021இல் நடைமுறைக்கு வந்த விவாகரத்துச் சட்டத் திருத்தம், குடும்ப வன்முறை என்பதற்குள் அடி உதையை மட்டுமன்றி அச்சுறுத்திக் கட்டுப்படுத்துதல், பண வழியான கொடுமை, பிள்ளை அவற்றைக் காண நேர்தல் ஆகியவற்றையும் சேர்த்தது. ஒன்ராறியோவில், சமய நெறிப்படி குடும்ப வழக்குகளுக்கு நடுவர் தீர்ப்பு வழங்கலாமா என்ற பெரும் விவாதத்தின் பின், 2006இல் சட்டம் திருத்தப்பட்டது. கனடியச் சட்டத்தின்படி அமையாத குடும்ப நடுவர் தீர்ப்பு அங்கு செல்லுபடியாகாது. இரு தரப்பினரும் தனித்தனியே சட்ட ஆலோசனை பெற்றிருக்கவும் வேண்டும். கோயில் மண்டபத்திலோ உறவினர் வீட்டு வரவேற்பறையிலோ பெரியவர்கள் எழுதிக் கையெழுத்து வாங்கும் தாளுக்கு நடுவர் தீர்ப்பின் வலு இல்லை என்பதைப் பெரியவர்களே முதலில் அறிந்திருத்தல் நலம்.

பெரியவர்களுக்கு இடமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபைகளை ஊர்ப் பெரியவர்கள் பலர் அறிவர். சிறு பிணக்குகள் பல நீதிமன்றம் செல்லுமுன் அங்கு செல்ல வேண்டும். பயிற்சி பெற்ற மத்தியஸ்தர்கள் அமர்வார்கள். இரு தரப்பும் இணங்கினால் உடன்பாடு எழுதப்படும். இணங்காவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைத் தந்து அனுப்பிவிட வேண்டும். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அந்த இல்லாமையே அவர்களுடைய தகுதி. தீர்ப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பது தமிழ்ப் பெரியவர்களுக்குச் சற்றுக் கடினமான பயிற்சிதான். ஆயினும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தாதியரும் நிறைந்த இச்சமூகத்தில் அதற்குரியவர்கள் இல்லாமலில்லை. இணக்கப் பேச்சாளராகப் பயிற்சி பெறும் வாய்ப்புகள் கனடாவிலும் உண்டு. தமிழ் தெரிந்த, பயிற்சியும் பெற்ற, குடும்பத்தின் எத்தரப்புக்கும் உறவல்லாத ஒருவர் அம்மேசையில் அமர்ந்திருப்பது, ஆங்கிலத்தில் தடுமாறும் ஒரு தாய்க்கு எத்தகைய துணை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இளையோருக்கு ஒரு சொல். நண்பனோ நீங்களோ ஒரு தவறில் சிக்கினால், அதைப் பெற்றோரிடமிருந்து மறைப்பதற்காகத் தனியே பொலிசாரிடம் பேசி, தனியே கையெழுத்திட்டு, தனியே முடித்துவிட எண்ண வேண்டாம். தடைநடவடிக்கை விதிக்கப்படும்போது பெற்றோருக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. ஆகவே மறைப்பதும் நடவாது. அத்தகைய நடவடிக்கை குறித்த பதிவைப் பார்வையிடும் காலம், சம்மதம் அளித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் மட்டுமே. வாழ்நாள் முழுவதும் துரத்தும் என்ற அச்சத்தில் பொய் சொல்லி, சிறியதைப் பெரியதாக்கிக்கொண்டவர்கள் உண்டு. பெற்றோரும், அந்தத் தொலைபேசி அழைப்பு வரும் இரவில் முதலில் கேட்க வேண்டியது "உனக்கு என்ன நடந்தது" என்பதும், அடுத்து "மற்றவருக்கு என்ன நடந்தது" என்பதும் ஆகும். மானத்தைப் பற்றிய கேள்வி மூன்றாவதாக வரட்டும். காலையில் வந்தாலும் குறைவில்லை.

வினாக்கள் இருப்பின் இப்போது எழுப்பலாம். தமக்கென நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றிக் கேட்க விரும்புவோர் அவையில் அதை விவரிக்காமல், கூட்டம் முடிந்தபின் சட்ட உதவி நிலையம் ஒன்றையோ சட்டத்தரணி ஒருவரையோ நேரில் நாடுவது பாதுகாப்பானது.