சட்டையின் உட்புறம்

பேரப்பிள்ளை பிறக்கப்போகிறது என்று அறிந்தவுடன் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்படும் அம்மம்மா, பத்தியச் சரக்கைக் கட்டுவதற்கு முன்பே வேறொரு பொதியை எடுத்துத் தனியாக வைத்துவிடுகிறார். முப்பது ஆண்டுகளாகப் பெட்டியின் அடியிற் கிடந்த சின்னஞ்சிறு சட்டைகளின் பொதி அது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் குடியிருப்பின் நான்காந் தளத்தில் அந்தப் பொதி அவிழ்கிறது. ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய காட்சியன்று இது. வெள்ளவத்தையில் எத்தனையோ வீடுகளில் ஆண்டுதோறும் நடப்பது.

"பிள்ளை, இது நீ போட்ட சட்டை. இந்த றேந்தை நானே பின்னிப் பிடிச்சது."

"வடிவாய்த்தான் இருக்கு, அம்மா. ஆனால் என்ன இப்பிடி மணக்குது?"

"பூச்சி அரிக்காமல் உருண்டை போட்டு வைச்சனான். ஒருக்கா வெயில் காட்டினால் போயிடும்."

போய்விடும் என்பது அம்மம்மாவின் நம்பிக்கை. மருத்துவ நூல்கள் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்வதில்லை. பூச்சி உருண்டைகளிற் பலவற்றில் நப்தலீன் என்னும் பொருள் இருக்கிறது. மனித இரத்தத்தின் செங்கலங்களைக் காக்கும் நொதியங்களுள் ஒன்று ஜி-6-பி-டி எனச் சுருக்கமாக வழங்கப்படுவது. இது குறைவாய்ப் பிறக்கும் குழந்தைகள் உலகெங்கும் உளர், இலங்கையிலும் உளர். பிறந்தபோது வெறும் பார்வையால் அவர்களை மற்றைக் குழந்தைகளினின்றும் வேறுபடுத்தி அறிய இயலாது. நப்தலீன் ஊறிய துணியின் ஆவியை அத்தகைய குழந்தை சுவாசித்தால் செங்கலங்கள் உடைகின்றன, மஞ்சட்காமாலை கடுமையாகிறது. கிரேக்க நாட்டு மருத்துவர்கள் இதனை 1963-ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதியிருக்கின்றனர். அன்போடு காத்து வைத்த பொருளே குழந்தைக்குத் தீங்காகுமெனின், குழந்தைக்குத் துணி தைப்பது பொழுதுபோக்கு என்று எண்ணுவதற்கில்லை.

அம்மம்மாவின் கைவேலையில் ஏதும் குறையில்லை. ஆனால் அவர் காலத்துச் சட்டைகள் பார்ப்பவர் கண்ணுக்காகத் தைக்கப்பட்டவை. றேந்தையும் சுருக்கும் வெளியே. தையலின் முடிச்சும் நூல்முனையும் உள்ளே. அணிகின்ற குழந்தைக்கோ வெளிப்புறம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் உட்புறம் ஒன்றே.

முதலில் அளவு. புதிதாய்ப் பிறந்த குழந்தையின் நீளம் ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர். அதில் காற்பங்கு தலை. தலையின் சுற்றளவு 35 சென்ரிமீற்றர் அளவில் இருக்க, மார்பின் சுற்றளவு அதிலும் சற்றுக் குறைவு. பெரியவர்களின் உடல் இதற்கு நேர்மாறானது. பெரியவர் சட்டையைச் சிறிதாக்கினால் குழந்தைச் சட்டையாகிவிடும் என்று எண்ணி வெட்டுபவர்கள் கழுத்தில்தான் தோற்றுப்போகின்றனர். தலை நுழையாது, கழுத்து நிமிராத குழந்தை வீரிட்டு அழும். ஆதலின் முதல் மாதங்களின் சட்டை முன்புறம் முழுவதும் திறந்து, ஒரு பக்கம் மறுபக்கத்தின்மேற் சிறிது படிந்து மூடவேண்டும். 90 சென்ரிமீற்றர் அகலமுள்ள துணியில் 60 சென்ரிமீற்றர் எடுத்துக் குறுக்கே இரண்டாக மடித்தால், தோளில் மூட்டே இல்லாத இரண்டு சட்டைகளை வெட்டிவிடலாம். கையும் உடலும் ஒரே துண்டு. தையல் விலாப்புறத்தில் மட்டும்.

அத்தகைய சட்டைகள் ஆறு போதும். பன்னிரண்டு தைப்பது வீண். ஐந்து மாதமளவில் குழந்தையின் எடை பிறந்த எடையைப்போல் இருமடங்காகிறது, ஓராண்டில் மும்மடங்கு. அடுத்த அளவுச் சட்டையின் கீழ்விளிம்பில் இரண்டு விரல் மடிப்பு உள்ளே விட்டுத் தைத்தால், பின்னர் அதை அவிழ்த்து நீளமாக்கலாம்.

துணியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. கொழும்பின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27, 28 பாகையை ஒட்டி நிற்கிறது. காற்றில் ஈரமோ மிகுதி. இங்கே பருத்தியை விட்டு வேறொன்றை நாடுவது குழந்தைக்கு வியர்க்குருவை விலைகொடுத்து வாங்குவதாகும். மல், வொயில், மெல்லிய பொப்பிளின், எல்லாவற்றிலும் மேலாகப் பலமுறை தோய்த்து மெலிந்த வேட்டி. புதுத்துணியில் கஞ்சி ஏறியிருக்கும்; தோய்த்தால் துணி சுருங்கவுஞ் செய்யும். புறக்கோட்டைக் கடையில் வாங்கிய துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்து உலர்த்தாதவர் இரண்டாம் தோய்ச்சலில் வருந்துவர். பழைய வேட்டிக்கு இந்த இரண்டு குற்றமும் இல்லை. அரையிற் கட்டும் சதுரத்துணிக்கும் அதனையே இரண்டு மடியாக வைத்து, பக்கம் 60 சென்ரிமீற்றர் வரத் தைத்துக்கொண்டால் எந்தக் கடையிலும் அதற்கு ஈடில்லை. ஒரு முறை பாவித்து எறியும் உறைகள் இரவுக்கும் பயணத்துக்கும் வசதியானவையே. அவற்றைப் பழித்துப் பேசுவது நேர்மையன்று. ஆனால் மாதந்தோறும் அவற்றுக்குச் செலவாகும் பணத்தைக் கணக்கிட்டவர்கள் பகற்பொழுதுக்கேனும் வேட்டித்துணிக்குத் திரும்பிவிடுகின்றனர்.

இனி மூட்டு. துண்டுகளின் உட்பக்கங்களை ஒன்றோடொன்று பொருந்த வைத்து ஓரமாக ஒருமுறை தைத்து, நறுக்கி, திருப்பி, அந்த ஓரம் உள்ளே மறையுமாறு மறுமுறை தைப்பது நல்ல முறை. பிசிர் வெளிப்படாது. முதல் மாதச் சட்டைக்கு அதனினும் எளிய வழி, மூட்டை வெளிப்புறமாகவே விட்டுவிடுவது. பார்க்க வந்தவர்கள் சட்டையை மறுபுறமாகப் போட்டிருப்பதாக நினைப்பார்கள், நினைக்கட்டும்.

கையுறைகளும் காலுறைகளும் இன்னும் கவனத்துக்குரியவை. குழந்தை முகத்தைக் கீறிக்கொள்ளாதிருக்கக் கையுறை போடுகிறார்கள். அதன் உள்ளே விடுபட்ட ஒரு நூல்முனை, ஓயாது அசையும் அந்தச் சிறுவிரலைச் சுற்றி இறுகிவிடலாம். நூல் தசையிற் புதைந்து, இரத்தவோட்டம் நின்று, விரல் நீலம் பாரித்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ ஏடுகள் பலமுறை எழுதியுள்ளன. குழந்தை காரணமின்றி அழுகிறது என்று எல்லாரும் தாலாட்டிக்கொண்டிருப்பார்கள். காரணம் கையுறைக்குள் இருக்கும். போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் உட்புறம் வெளியே வரத் திருப்பிப் பார்ப்பதற்கு அரை நிமிடம் செல்லாது. நகத்தை வெட்டிவிட்டால் கையுறையே வேண்டியதில்லை என்பதும் உண்மை.

கழுத்து நாடா இன்னொன்று. இதனை விளக்கக் கொழும்பு நகரின் தொழிலையே நோக்குவது பொருத்தம். தையலும் துணியும் இந்நகரத்துக்குப் புதியவையல்ல. 1877-ஆம் ஆண்டில் சிங்கர் தையல் இயந்திர நிறுவனம் புறக்கோட்டையிற் கிளை திறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளவத்தையில் நூற்பு நெசவு ஆலை எழுந்தது. 1933-இல் அங்கு நடந்த வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றது. அந்த ஆலை இன்று இல்லை. அது நின்ற நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. 1978-இல் கட்டுநாயக்கவில் வர்த்தக வலயம் தொடங்கியபின் ஏற்றுமதிக்கான ஆடைத்தொழில் பெருகியது. இன்று அதில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்கின்றனர்; பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கையால் தைத்த சட்டையை இலண்டனிலும் நியூயோர்க்கிலும் குழந்தைகள் அணிகின்றனர்.

அக்குழந்தைகளுக்காக விதிகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் 2004-இல் வெளியிடப்பட்ட ஒரு நியமம், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஆடையில் தலையையும் கழுத்தையும் சுற்றி இழுத்துக் கட்டும் நாடா கூடாது என்கிறது. அமெரிக்காவிலும் 1996 முதல் இவ்வகை வழிகாட்டல் உண்டு. சறுக்குமரத்திலும் பேருந்துக் கதவிலும் நாடா சிக்கிக் குழந்தைகள் இறந்தபின் பிறந்த விதிகள் இவை. தொழிற்சாலையில் ஓர் ஊசி முறிந்தால், அதன் துண்டுகள் அனைத்தும் கண்டெடுக்கப்பட்டு ஏட்டில் ஒட்டப்படும்வரை அந்த இயந்திரத்தில் வேலை தொடர்வதில்லை. தைத்து முடித்த சிறுவர் ஆடைகள் உலோகம் கண்டறியும் கருவியினூடாகச் செல்கின்றன. தெறி கழன்று வருகிறதா என்று இழுத்துப் பார்க்கவும் தனிக் கருவி உண்டு. பெரும்பாலான கொள்வனவாளர் கேட்கும் விசை ஒன்பது கிலோகிராம் எடைக்கு ஏறக்குறையச் சமம்.

இத்தனை விதிகளையும் நாள்முழுதும் கைக்கொண்டுவிட்டு மாலையில் வீடு திரும்பும் ஒரு பெண், அயல்வீட்டுக் குழந்தைக்குக் கழுத்திற் பட்டுநாடா கட்டிய சட்டையைப் பரிசாகத் தைத்துக் கொடுப்பதைக் கொட்டாஞ்சேனையில் காணலாம். அந்நிய நாட்டுக் குழந்தைக்கு ஆகாத நாடா நம் வீட்டுக் குழந்தைக்கு எப்படி ஆகும்? கட்டு வேண்டுமெனின் விலாப்புறத்தில், விரல் நீள நாடா போதும். தெறியைவிட அழுத்தி மூடும் பூட்டு நல்லது. அதுவும் துணியோடு உறுதியாய்ப் பிடித்திருக்கவேண்டும். சட்டைப்பின்னைக் குழந்தையின் உடையில் குத்துவதை அடியோடு விட்டுவிடலாம். மூன்று வயதுக்குட்பட்டவருக்கான விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிறு உருளையைப் பாவிக்கின்றனர். அதனுள் முழுமையாய் அடங்குவதெல்லாம் தொண்டையில் அடைக்கத்தக்கது. துணிப்பொம்மைக்குக் கண்ணாகத் தெறி தைக்கும் தாய் இதனை நினைத்துக்கொண்டால், கண்ணை நூலாலேயே பின்னிவிடுவாள்.

தலையணை தைக்கும் ஆசை பலருக்கு உண்டு. இலவம்பஞ்சுத் தலையணை, தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை, தொட்டிலைச் சுற்றி மெத்தென்ற அணை. 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டாமென்று சொன்னார்கள். அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் உறக்கத்திலேயே நேரும் மரணங்கள் பல நாடுகளில் வெகுவாய்க் குறைந்தன. உறுதியான, சமமான படுக்கை. மூக்கை மூடக்கூடிய மெத்தைப் பொருள் எதுவும் அருகில் இல்லாமை. இதுவே அவர்கள் கேட்பது. தொட்டில் அணைகளை அமெரிக்கா 2022-இல் சட்டத்தாலேயே தடைசெய்தது. தலையணை தைத்தே தீரவேண்டுமெனின், பால் கொடுக்கும்போது தாயின் முழங்கையைத் தாங்க ஒன்று தைக்கலாம். தொப்பியும் இவ்வாறே. பிறந்த முதல் நாள்களில் அது உடற்சூட்டைக் காக்கிறது. பின்னர் வீட்டுக்குள் உறங்கும் குழந்தைக்குக் கொழும்பின் வெக்கையில் தொப்பி எதற்கு? இதில் அம்மம்மாமாரோடு வாதிட்டு வென்றவர் அரியர்.

கொட்டாஞ்சேனையின் நெருங்கிய வீடுகளில் வளையில் தொங்கும் சேலைத் தொட்டிலை ஒழிக்கச் சொல்வதாற் பயனில்லை. பகலில், ஒருவர் கண்பார்வையில், தொட்டிற் கம்பு வைத்து விரித்த அகன்ற பருத்திச் சேலையாக அது இருக்கட்டும். வெறுந்தொட்டிலை மட்டும் தாழத் தொங்கவிடலாகாது. மூத்த பிள்ளைகள் அதில் முறுக்கி விளையாடுவார்கள்.

கொழும்பில் ஒரு தாய் தைக்கக்கூடிய பொருள்களுள் மிகவும் பயனுடையது எது என்று கேட்டால், நுளம்பு வலை என்றே சொல்லவேண்டும். 2017-ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000-க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டதாகப் பதிவாயிற்று; மேல் மாகாணமே அதிற் பெருந்துன்பம் அடைந்தது. டெங்கைப் பரப்பும் நுளம்பு பகலிற் கடிப்பது. காலையிலும் அந்திக்கு முன்னரும் அதன் வேகம் அதிகம். குழந்தை உறங்குவதும் அவ்வேளையில்தான். இரவில் மட்டும் வலை கட்டுவது வீட்டுக்குப் பின்கதவைப் பூட்டிவிட்டு முன்கதவைத் திறந்து வைப்பது போன்றது. வலைத்துணியைப் படுக்கையின் நீள அகலத்துக்கு மேலாக எல்லாப் பக்கமும் ஒரு முழம் கூடுதலாக வெட்டி, மேலே நான்கு மூலையிலும் துணிக்காது வைத்து, கீழ்விளிம்பிற் பருத்திப் பட்டி பிடித்தால் மெத்தைக்கடியில் இறுகச் செருகலாம். விளிம்பு பறக்காதிருக்க மணியோ ஈயக்குண்டோ கோர்க்க வேண்டாம்.

குழந்தை நடக்கத் தொடங்கியபின் தையலின் நோக்கம் மாறுகிறது. அதுவரை காப்பதற்கு, இனித் தானே செய்யப் பழக்குவதற்கு. மரியா மொண்டிசோரி அம்மையார் 1944-இல் இந்தியாவிலிருந்து இலங்கைக்கும் வந்தவர். பாலர் பாடசாலையைக் கொழும்பு மக்கள் 'மொண்டிசோரி' என்றே இன்றும் அழைக்கின்றனர். அவர் வகுத்த கருவிகளுள் ஒன்று, மரச்சட்டத்தில் இரு துணிப்பாதிகளைப் பொருத்தி நடுவே தெறியோ கொளுவியோ நாடாவோ வைத்த பயிற்சிச் சட்டம். பெரிய தெறியும் பெரிய துளையும் உள்ள துணித்துண்டு இரண்டை வீட்டிலேயே தைத்துப் பழைய படச்சட்டத்தில் இழுத்துக் கட்டிவிட்டால் அது ஆயத்தம். தெறி நன்கு இறுகியிருக்கவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவும் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை அதன் முன் அமர்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரே தெறியை இருபது முறை பூட்டித் திறக்கும். அப்பிள்ளையின் உடுப்பிலும் தெறி முன்புறமே இருக்கவேண்டும். முதுகில் வரிசையாகத் தெறி வைத்துவிட்டுப் பிள்ளை சோம்பல் என்று சொல்வது நியாயமன்று. காற்சட்டைக்கு இடையில் மெல்லிய இலாஸ்ரிக். அவசரத்தில் தானே இறக்கிக்கொள்ளும். ஒரு சட்டைப்பையும் வேண்டும். கூழாங்கல்லும் உதிர்ந்த பூவும் வைக்க இடமில்லாத உடையைச் சிறுவர் உடை என்று சொல்ல மனம் வருவதில்லை.

வெள்ளவத்தை வீட்டில் அந்தப் பொதிக்கு என்ன நேர்ந்தது? மகள் அதை எறியவில்லை; தாய் மனம் வருந்தியிருப்பார். பழைய சட்டைகளில் நல்லதொன்றை மேல்மாடத்து வெயிலில் பல நாள் காயவிட்டு, நன்கு தோய்த்து, தையலைப் பிரித்தார்கள். குழந்தைக்கு உடுத்தவன்று, அளவுக்கு. அந்தத் துண்டுகளைத் தாளில் வைத்து அம்மம்மா கோடு கீறிக் கொடுக்க, மகள் அப்பாவின் பழைய வேட்டியில் புதுச்சட்டை வெட்டினாள். றேந்தை இரண்டு வயதில் போடும் பாவாடையின் கீழ்விளிம்புக்கென்று தனியே எடுத்து வைக்கப்பட்டது. பெட்டிக்குள் இப்போது உருண்டை இல்லை. அம்மம்மா நிழலில் உலர்த்திய வேப்பிலையைத் துணியில் முடிந்து போட்டிருக்கிறார்.