வாழைக்காய் மாவின் ஈரம்

கேரளத்தில் கைக்குழந்தைக்குக் கூழ் காய்ச்ச, வாழைக்காயைச் சீவிக் காயவைத்து மாவாக்குவது பழைய வழக்கம். இன்று வீட்டோரச் சிறு கூடங்களிலும் அந்த மாவு பொட்டலமாகிறது.

சிக்கல் முதலில் கத்தியில் தெரியும். இரும்புக் கத்தி பட்டால் காயின் துவர்ப்புப் பொருள் கறுத்துவிடும். எவர்சில்வர் கத்தியே நல்லது. சீவிய வில்லைகளை உடனே எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் போட்டால் நிறம் அவ்வளவாக மாறாது.

நிறம் கெட்டால் கண்ணுக்குத் தெரியும். ஈரம் அப்படியல்ல. தடிமனான வில்லை மேலே மொறுமொறுப்பாகக் காய்ந்திருக்கும், நடுவில் பசை மிச்சமிருக்கும். வில்லை படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. அரைத்த சூட்டோடு பையில் அடைத்தால் உள்ளே ஆவி வியர்த்து, மாவு கட்டிதட்டும். அங்கேதான் பூஞ்சைக்குக் குடித்தனம்.

அந்தப் பூஞ்சை எவ்வளவு ஆபத்தாகலாம் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை கக்கிய நஞ்சே காரணம். அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்ததுதான். மாவில் அந்த நஞ்சு சேர்ந்துவிட்டால், சல்லடையில் சலித்தாலும் போகாது, கூழாகக் கொதிக்க வைத்தாலும் முழுதாக அழியாது.

மொட்டைமாடியில் பாய் விரித்து வில்லை உலர்த்துபவர்கள், மழைக்காலத்தில் உலர்த்தும் பெட்டிக்கு மாறுவது இதனால்தான்.