கல்லில் நிற்கும் மரம்



அசீரிய மன்னன் இரண்டாம் அசூர்நசீர்பால் (கி.மு. 883–859) நிம்ரூதில் எழுப்பிய அரண்மனையில், அரியணைக்குப் பின்னே ஒரு கற்பலகை நின்றது. நடுவே மரம். அதன் இருபுறமும் அரசன், ஒருவனே இருமுறை. மேலே சிறகு விரித்த வட்டத்துள் தெய்வம். அரசனுக்குப் பின்னே சிறகுடைய காவல் தேவர்கள். ஒரு கையில் சிறு வாளி, மறு கையில் கூம்பு வடிவக் காய்.

இம்மரம் எந்த மண்ணிலும் முளைப்பதன்று, சிற்பியர் புனைந்தது. பேரீச்சைக்கு மகரந்தம் தூவும் காட்சியே இது என 1890இல் டைலர் உரைத்தார். அழகிய விளக்கந்தான். ஆயின் அதே காயைத் தேவர்கள் அரசனை நோக்கியும் வாயில்களை நோக்கியும் நீட்டுகின்றனரே! அக்காதிய மொழியில் அதன் பெயர் 'முல்லிலு'. தூய்மை செய்வது என்பது பொருள். பெயரறிந்தபின் காட்சியே மாறிவிடுகிறது. மரத்துக்கு எது செய்யப்படுகிறதோ, அதுவே அரசனுக்கும் செய்யப்படுகிறது. செழிப்பும் அரசும் ஒரே சடங்கினுள் அடங்குகின்றன.

பல பலகைகளில் தேவர்களின் உடல்மீதே ஆப்பெழுத்து வரிகள் ஓடுகின்றன. அரசனின் பெருமையும் வெற்றிகளும் கூறும் ஒரே பாடம், பலகைதோறும் மீண்டும் மீண்டும்! கவிஞர்கள் நின்று நோக்கத்தக்க இடம் இது: படிப்பதற்கு மட்டுமன்று, அங்கே இருப்பதற்காகவே பொறிக்கப்பட்ட சொல்.

2015இல் தீவிரவாதிகள் இவ்வரண்மனையை வெடிவைத்துத் தகர்த்தனர். லேயார்டு 19ஆம் நூற்றாண்டில் அகழ்ந்தெடுத்த அரியணைப் பலகை இலண்டனில் இருந்தமையால் பிழைத்தது. அங்ஙனம் கொண்டு சென்றது முறையோ என்பது வேறு வழக்கு. மண்ணிலேயே நின்ற தேவர்கள் சில்லுகளாயினர். அச்சில்லுகளை ஈராக்கிய அகழாய்வாளர் பின்னர் ஒவ்வொன்றாகத் திரட்டலாயினர்.