கைப்பேசியில் கட்டட வரைபடம்

(ஹைதராபாத்தில் கட்டடக்கலை மாணவர்களும் நகராட்சி அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



கட்டட வரைபடம் என்பது வரைபவருக்கும் கட்டுபவருக்கும் இடையேயுள்ள ஒப்பந்தம். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த முறையில் பிறந்த நீலப்பிரதி நெடுங்காலம் அவ்வொப்பந்தத்தைச் சுமந்தது. 1982-ல் ஆட்டோகேட் மென்பொருள் வெளிவந்தது. வரைபடம் கணிப்பொறிக் கோப்பாயிற்று. 2010-ல் அதன் கைப்பேசிச் செயலியும் வந்தது. இன்று கச்சிபௌலியிலோ மாதாப்பூரிலோ எழும் கட்டடத்தின் மேஸ்திரி, வரைபடத்தைத் தம் உள்ளங்கையிலேயே காண்கிறார். அலுவலகத்தில் செய்த திருத்தம் சில நொடிகளில் பணியிடத்தை எட்டுகிறது. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்த எளிமையே ஒரு பொறுப்பையும் சுமத்துகிறது. நீலப்பிரதி எடுக்கப் பணமும் நேரமும் செலவாயின; ஆகவே பிரதிகள் சிலவே இருந்தன. கைப்பேசியிலோ பிரதிகளுக்கு எல்லையில்லை. சென்ற வாரத்துக் கோப்பு கம்பி கட்டுபவரிடமும், நேற்றைய கோப்பு கொத்தனாரிடமும் இருக்கக்கூடும். கோப்பைத் திருத்தலாம்; இறுகிய கான்கிரீட்டைத் திருத்துவது எளிதன்று.

ஹைதராபாத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தெலங்கானா அரசு 2020-ல் டி.எஸ். பிபாஸ் என்னும் இணையவழி அனுமதி முறையைச் சட்டத்தின் மூலம் கொண்டுவந்தது. அதன்படி 75 சதுர கஜம் வரையிலான மனையில் 7 மீட்டர் உயரத்துக்குட்பட்ட வீட்டுக்கு, 1 ரூபாய் கட்டணத்தில் பதிவு மட்டுமே போதும் என்றாயிற்று. 500 சதுர மீட்டர் வரையிலான மனையில் 10 மீட்டர் உயரம் வரை எழும் வீட்டுக்கு, உரிமையாளரின் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி கிடைத்தது. அதனினும் பெரிய கட்டடங்களுக்கு 21 நாள் வரம்பு விதிக்கப்பட்டது. 2025-ல் பில்ட்நவ் என்னும் புதிய அமைப்பு இப்பணிக்கு வந்தது.

அரசு நம்பிக்கை வைத்து விரைவாக அனுமதி தரும்போது, அனுமதி பெற்ற வரைபடமும் கொத்தனார் கையிலுள்ள வரைபடமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். பொய்யான சுயசான்றின் பேரில் எழுந்த கட்டடத்தை முன்னறிவிப்பின்றி இடிக்கவும் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. தவறான கோப்பு ஒரு குடும்பத்தின் சேமிப்பையே அழித்துவிடலாம்.

எனவே சில நெறிகளைக் கைக்கொள்ளுவோம். முதலாவது, ஒவ்வொரு தாளிலும் திருத்த எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். இரண்டாவது, கோப்பின் பிரதிகளைப் பலருக்கும் அனுப்புவதைவிட, எல்லோரும் ஒரே இடத்திலுள்ள ஒரே கோப்பைத் திறந்து பார்ப்பது நன்று. மூன்றாவது, வரைபடத்தைப் புகைப்படமாக அனுப்பலாகாது. செய்திச் செயலிகள் அதைச் சுருக்குவதால் எண்கள் மங்கும். நான்காவது, திரையில் அளந்து பார்த்துக் கட்டலாகாது. 841 மில்லிமீட்டர் நீளமுள்ள ஏ1 தாளில், நூற்றுக்கொன்று என்ற அளவையில் 3 மீட்டர்ச் சுவர் 30 மில்லிமீட்டராக நிற்கும். அத்தாள் முழுவதும் 15 சென்டிமீட்டர்த் திரையில் அடங்கும்போது அது ஏறத்தாழ 5 மில்லிமீட்டராகிவிடும். எழுதப்பட்ட அளவே சான்று. ஐந்தாவது, அனுமதி பெற்ற வரைபடத்தின் அச்சுப் பிரதி ஒன்று பணியிடத்தில் எப்போதும் இருக்கட்டும்.

மாணவர்களே, நாளை நீங்கள் அனுப்பும் கோப்பை நம்பி ஒருவர் சுவர் எழுப்புவார். அலுவலர்களே, தளத்தைப் பார்வையிடும்போது கட்டடத்தோடு மேஸ்திரியின் கைப்பேசியிலுள்ள திருத்த எண்ணையும் பாருங்கள். வரைபடம் விரைந்து செல்வது நன்று. சரியான வரைபடம் சென்று சேர்வது அதனினும் நன்று.