நாளைய ஆகாய விமானம்: தீர்மானிப்பது யார்?

(தொழிற்சங்க வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

நாளைய ஆகாய விமானம் எப்படியிருக்கும் என்று பேசச் சொன்னீர்கள். அதன் வடிவத்தையும் வேகத்தையும் பற்றிப் பேசுமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். விமானத்தை உருவாக்கும்போது தீர்மானிப்பது விஞ்ஞானமா, லாபமா?

சரித்திரத்தைப் பாருங்கள். 1952 மே மாதத்தில் பிரிட்டனின் காமெட் விமானம் உலகின் முதல் ஜெட் பிரயாணிச் சேவையைத் தொடங்கியது. 1954இல் இரண்டு காமெட்டுகள் மத்தியதரைக் கடலுக்கு மேலே சிதறின. விஞ்ஞானிகள் ஒரு விமானத்தைப் பெரிய தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளே அழுத்தத்தை மாறி மாறி ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். உலோகம் களைத்து விரிசல் விட்டதைக் கண்டார்கள். அந்த உண்மையை மூடி மறைக்கவில்லை. உலகமே அதிலிருந்து கற்றுக்கொண்டது.

காமெட் நின்றிருந்த காலத்தில், 1956 செப்டம்பரில், சோவியத் யூனியனின் டுபோலெவ்-104 மாஸ்கோவிலிருந்து இர்கூத்ஸ்க் நகருக்குப் பறக்கத் தொடங்கியது. 1958 வரை உலகில் பிரயாணிச் சேவையில் இருந்த ஒரே ஜெட் விமானம் அதுதான்.

பிறகு வேகத்தில் போட்டி வந்தது. ஒலியை மிஞ்சிய கான்கார்டு 1976 முதல் 2003 வரை பறந்தது. அதன் டிக்கெட் செல்வந்தர்களுக்கே எட்டியது. அதே போட்டியில் இறங்கிய சோவியத்தின் டுபோலெவ்-144 விமானமோ 1977 நவம்பரில் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கி, 1978இலேயே நின்றது. நம்மவர் செய்ததாயினும் தவறு தவறுதான்.

லாப வேட்டையின் கதை இன்னும் கொடியது. போயிங் கம்பெனி 737 மேக்ஸ் விமானத்தில், பழைய உடலில் பெரிய இன்ஜின்களைப் பொருத்தியது. மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் ஏற்பாட்டையும் வைத்தது. விமானிகளின் கையேட்டில் அதைப்பற்றிச் சொல்லவில்லை. விமானிகளுக்குப் புதிய பயிற்சி தேவையென்றால் விற்பனை கெடுமல்லவா? ஒரே ஒரு கருவி பிழையாகக் காட்டினால் போதும், விமானம் தலைகுப்புறப் பாயும் நிலை அன்று இருந்தது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர், ஆக 346 உயிர்கள் பலியாயின!

இனி வருவது ஹைட்ரஜன் விமானம் என்கிறார்கள். ஹைட்ரஜனை எரித்தால் கரியமில வாயு வராது. ஆனால் அதை மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்க வேண்டும். இன்றைய எரிபொருளைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு இடமும் வேண்டும். ஆகவே இறகும் உடலும் ஒன்றாய்க் கலந்த அகன்ற வடிவங்களை வரைகிறார்கள். 1988 ஏப்ரலிலேயே டுபோலெவ்-155 ஓர் இன்ஜினைத் திரவ ஹைட்ரஜனில் ஓட்டிப் பறந்து காட்டியது. 2035க்குள் இத்தகைய விமானம் வரும் என்று 2020இல் அறிவித்த ஏர்பஸ், 2025இல் அந்தத் தேதியைத் தள்ளிவைத்துவிட்டது.

தோழர்களே! புது விமானம் வரட்டும், வரவேற்போம். ஆனால் சோதனை முடிவுகள் பகிரங்கமாக்கப்பட வேண்டும். ஆணி முடுக்கும் தொழிலாளி "இது சரியில்லை" என்று சொன்னால் அவன் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. ஏறும் பிரயாணியின் உயிருக்கு அதுதான் காவல்!